இறப்புக் குறிப்புகளும் தமிழர் குடும்ப வரலாறும்: சான்றுகளும் இடைவெளிகளும்

சுப்பிரமணிய பாரதியார் மறைந்த நாள் 1921 செப்டம்பர் 11 என்று நெடுங்காலமாக நூல்களிலும் நினைவு விழாக்களிலும் வழங்கிவருகிறது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவிலோ அந்நாள் செப்டம்பர் 12 எனக் காணப்படுகிறது. இவ்விரண்டில் ஒன்று பொய் என்று தள்ளிவிட இயலாது. திருவல்லிக்கேணித் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு வீட்டில் அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணியளவில் ஆகும். ஒரு ஞாயிற்றின் எழுச்சி முதல் மறு எழுச்சி வரை ஒரு நாள் என்று கொள்ளும் மரபின்படி அது இன்னும் ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவில் நாள் மாறுவதாகக் கொள்ளும் அலுவலக வழக்கின்படி அது திங்கட்கிழமை. 2021இல் நினைவு நூற்றாண்டையொட்டித் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. வழக்கு அவ்வாறு ஒரு பக்கம் நிலைபெற, பதிவேடு மறுபக்கம் நிற்கிறது.

பெரும்புகழ் பெற்ற ஒருவர்தம் இறப்பு நாளிலேயே இத்தகைய இருமை நிலவுமானால், பெயர் வெளித்தெரியாத குடும்பங்களின் முன்னோர் குறித்த செய்திகள் எத்துணைக் கவனத்துடன் ஆராயப்பட வேண்டியவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தமிழில் குடும்ப வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் செவிவழிச் செய்தியிலிருந்து தொடங்குகின்றனர். பிறந்த நாளை அறிந்த முதியோர் அரிது. ஆனால் பெற்றோர் இறந்த திதியை மறந்தவர் அதனினும் அரிது. ஆண்டுதோறும் படையல் இடவேண்டிய கடமை அதனைக் காத்துவருகிறது. ஆகவே தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றைப் பிறப்பிலிருந்து முன்னோக்கித் தேடுவதைக் காட்டிலும் இறப்பிலிருந்து பின்னோக்கித் தேடுவதே பயன் தரும்.

திதி வெண்பாவும் அறுபதாண்டுச் சுழற்சியும்

இறந்தோரைப் பாடும் மரபு தமிழில் தொன்மையானது. புறத்திணையின் கையறுநிலைத் துறையும், காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லுக்குத் தொல்காப்பியம் வகுக்கும் நிலைகளும் நன்கறியப்பட்டவை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, இறந்தவன் பெயரையும் ஆகோள் நிகழ்ந்த ஊரையும் சில சொற்களில் சுட்டிவிடுகிறது. ஆயினும் இவை தலைமுறைத் தொடர்ச்சியைக் காட்டுவன அல்ல. குடும்ப வரலாற்றாய்வாளருக்கு உண்மையில் உதவுவது, இம்மரபின் பிற்காலக் கிளையாகிய சரமகவி எனலாம். அச்சுப் பரவியபின் இவை ஒற்றைத் தாள்களாகவும் சிறு நூல்களாகவும் வெளிவந்தன. புலமை நோக்கில் இவற்றுட் பல எளியவை. இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இவற்றைப் புறக்கணித்ததற்கு அதுவே காரணம். வரலாற்று நோக்கில் அப்புறக்கணிப்பு பெரும் இழப்பு ஆகும்.

யாழ்ப்பாணத்தில் இம்மரபு முழுமையாக வளர்ந்துள்ளது. இறந்தவரின் முப்பத்தோராம் நாட் கிரியையை ஒட்டி வெளியிடப்படும் நினைவு நூல் அங்குக் ‘கல்வெட்டு’ என்றே வழங்குகிறது. கல்லில் வெட்டியதன் பெயர் தாளில் அச்சிட்டதற்கு ஆகிவந்த இவ்வழக்கு தனியே ஆராயத்தக்கது. தேவாரத் திருமுறைப் பாடல்களுடன் இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, மக்கள், மருமக்கள், உடன்பிறந்தோர் பெயர்கள், பலவற்றில் வம்சாவளி விளக்கம் ஆகியன இந்நூல்களில் இடம்பெறுகின்றன. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் இத்தகைய நினைவு மலர்களை எண்ணிம வடிவில் திரட்டிவருகிறது. போரினாலும் புலம்பெயர்வினாலும் வீட்டு ஆவணங்களை இழந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, எங்கோ ஓர் உறவினர் வீட்டில் எஞ்சிய ஒரு கல்வெட்டுப் படியே முன்னோர் பெயர்களை அறிய வழியாகிறது.

இந்நூல்களின் முகப்பில் அமையும் திதி நிர்ணய வெண்பா சிறப்பாகக் கருதத்தக்கது. ஆண்டு, மாதம், பக்கம், திதி, சிலவற்றில் கிழமையும் நாண்மீனும், இறந்தவர் பெயர், ஊர் ஆகிய அனைத்தும் நான்கடிக்குள் அடங்கும். மறதிக்கு எதிராக யாப்பு செய்யும் காவல் இது. பத்திரம் தொலைந்தாலும் வெண்பா மனத்தில் நிற்கும். எதுகையும் தளையும் சொல்லை மாற்றவிடா. ஆனால் ஆய்வாளருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘விரோதி’ ஆண்டு என்று வெண்பா கூறுமாயின், அது 1889ஆ, 1949ஆ, 2009ஆ? பிரபவ முதலிய அறுபதாண்டு வட்டம் தன்னளவில் நூற்றாண்டைச் சொல்லாது.

இச்சிக்கலைத் தீர்க்கக் கிழமை உதவுகிறது. அறுபது ஞாயிற்றாண்டுகளுக்கும் 742 சந்திர மாதங்களுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு நாள் வேறுபாடு உள்ளது. எனவே ஒரு சுழற்சி கழித்து அதே பெயருடைய ஆண்டில் அதே திதி வரும்போது, தமிழ் மாதத் தேதி நான்கு நாள் அளவில் முன்னதாக அமையும். கிழமையோ பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாள் தள்ளிப்போகும். திதியும் கிழமையும் சேர்ந்து கொடுக்கப்பட்டிருப்பின், இரண்டு சுழற்சிகளுள் ஒன்றே பொருந்தும் நிலை பெரிதும் உண்டாகிறது. இக்கணிப்புக்கு எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட ‘இந்தியன் குரோனாலஜி’ கி.பி. 2000 வரைக்குமான அட்டவணைகளைத் தருகிறது. கல்வெட்டியலார் அரசர்தம் ஆட்சியாண்டுகளைச் சரிபார்க்கக் கையாளும் அதே கருவியைப் பாட்டனாரின் திதியைச் சரிபார்க்கவும் கையாளலாம். கணினி நிரல்கள் இன்று இதனை நொடியில் செய்துவிடுகின்றன. எனினும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட இறப்புகளில் கிழமையை ஒரு நாள் பின்னிட்டுக் கொள்ளவேண்டும் என்பதை ஆய்வாளரே நினைவிற்கொள்ள வேண்டும். பாரதியார் நிகழ்ச்சி காட்டுவது அதுவே.

வாய்மொழிச் செய்தியிலும் இச்சுழற்சி ஆண்டுகளே வருகின்றன. ‘தாது வருசத்தில் போனவர்’ என்று ஒரு மூதாட்டி கூறுவாராயின், அது 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைக் குறிப்பதாகக் கொள்ள இடமுண்டு. ஆனால் தாது ஆண்டு 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. மேலும் ‘தாது வருசத்தில்’ என்பது பஞ்சம் நீடித்த 1878 வரையிலான காலம் முழுமைக்குமான பொதுப் பெயராகவும் மக்கள் வழக்கில் நிற்கிறது. ஆண்டுக் குறிப்பென்றும் நிகழ்ச்சிக் குறிப்பென்றும் இதனைப் பிரித்துணராமல் தலைமுறைப் பட்டியல் வரைவோர் ஒரு தலைமுறையை இழக்கவோ கூட்டவோ நேர்கிறது.

பதிவேடுகள்

அரசுப் பதிவேடுகளைப் பொறுத்தவரை, 1886ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுச் சட்டம் விருப்பப் பதிவுக்கே வழிசெய்தது. சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் பதிவை ஒழுங்குபடுத்தியது. இன்று நடைமுறையில் இருப்பது 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் முதல் நாள் இது நடைமுறைக்கு வந்தது. 2023ஆம் ஆண்டின் திருத்தம் தேசிய அளவிலான எண்ணிமத் தரவுத் தொகுப்புக்கு வழிவகுத்துள்ளது. ஆயினும் கணினியேறிய பதிவுகளைக் கொண்டு தொடங்கும் தேடல், குடும்ப வரலாற்றுக்கு மிகத் தேவைப்படும் காலத்துக்கு முன்பே நின்றுவிடக்கூடும். பழையன தாளிலேயே தேடத்தக்கவை.

ஊர்ப்புறங்களில் இறப்பை எழுதியவர் கிராம முன்சீப். அவருக்குச் செய்தி கொண்டுவந்தவர் தலையாரியோ வெட்டியானோ ஆவார். எழுதியவர் மருத்துவர் அல்லர். ஆகவே இறப்பின் காரணம் என்ற பத்தியில் ‘காய்ச்சல்’ என்ற ஒரு சொல் எண்ணற்ற நோய்களை விழுங்கிக் கிடக்கிறது. வயது பெரும்பாலும் ஐந்து அல்லது பத்தின் மடங்காக அமைந்திருப்பதும் கருதத்தக்கது. அறுபது என்பது வயதைவிட ‘முதியவர்’ என்ற கருத்தையே தருகிறது. இப்பதிவேடுகளை நம்புவதற்கு முன் அவை யார் வாய்வழியாக, எத்தனை கை மாறி எழுதப்பட்டன என்று வினவ வேண்டும். பாட வேறுபாடு ஆராயும் பதிப்பாசிரியர் ஏட்டின் மூலத்தை வினவுவது போன்றதே இது.

தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் பரம்பரை வழிவந்த கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. சமூக நீதி நோக்கில் இம்மாற்றத்தின் இன்றியமையாமை மறுக்கவொண்ணாதது. ஆவண நோக்கில் மட்டும் அது ஓர் இடைமுறிவு. கணக்குகள் கணக்கப்பிள்ளை வீட்டில் இருப்பது இயல்பாக இருந்த ஊர்களில், ஒப்படைப்பின்போது நிலவரிக் கணக்கு பெற்ற கவனத்தை இறப்பேடு பெற்றதாகக் கருத இயலாது. நிலத்துக்கு உரியவர் கேட்டு வருவர். இறந்தவரைக் கேட்டு வருபவர் யார்?

சட்டப்படி, கட்டணம் செலுத்திப் பதிவேட்டைத் தேடச்செய்யவும் படி பெறவும் எவருக்கும் உரிமையுண்டு. ஆனால் இறப்பின் காரணத்தை அப்படியில் வெளியிடலாகாது என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்குகிறது. குடும்பத்தில் வழிவழி வரும் நோயைக் கண்டறிய விழைவோருக்கு இது தடை. இறந்தவரின் மானத்தைக் காத்தல் என்ற நோக்கில் இது தகும். இவ்விரண்டனுள் சட்டம் பின்னதைத் தேர்ந்தது. காலங்கடந்த பதிவுகளிலும் விழிப்பு வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட இறப்பைப் பதிய நடுவரின் ஆணை தேவை. அவ்வாறு ஆணை பெற்றுப் பதியப்பட்ட இறப்புகளுள் பல, சொத்துரிமை வழக்கின் பொருட்டோ வாரிசுச் சான்றின் பொருட்டோ தேடிச்சென்று பதியப்பட்டவை. அவற்றின் நாள் நினைவிலிருந்து சொல்லப்பட்டதே.

இறப்புப் பதிவு கிட்டாதவிடத்துப் பத்திரப் பதிவு அலுவலகம் கைகொடுக்கும். ஒருவரை 1912ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ‘இன்னாரின் குமாரர்’ என்றும், 1915ஆம் ஆண்டு அடமானப் பத்திரம் ‘காலஞ்சென்ற இன்னாரின் குமாரர்’ என்றும் குறிக்குமாயின், தந்தை அம்மூன்றாண்டிடையில் இறந்தார் என்று கொள்ளலாம். ‘காலஞ்சென்ற’ என்னும் அடை விடுபடுவதும் உண்டாதலின், அஃது இருப்பது சான்று; இல்லாமை சான்றாகாது. வில்லங்கச் சான்றின் வழியே ஒரு நிலத்தைத் தொடர்ந்து செல்வது, அந்நிலத்தை உடையோரின் இறப்புகளைத் தொடர்ந்து செல்வதே ஆகும். நிலம் இல்லாதவர்க்கு இவ்வழி அடைபட்டிருக்கிறது.

கிறித்தவத் திருச்சபைகளின் அடக்கப் பதிவேடுகள் இவற்றினும் பழையவை. தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய பின் தொடங்கிய லுத்தரன் மரபிலும், அதற்கு முற்பட்ட கத்தோலிக்க மரபிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என மூன்றும் எழுதப்பட்டன. பெண்கள் ஞானஸ்நானப் பெயரால் குறிக்கப்படுவதால், ‘இன்னார் மனைவி’ என்பதற்குள் மறையாத பெண் பெயர்கள் இங்குக் கிடைக்கின்றன. சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகளின் படிகள் 1698 முதல் இலண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி ஐரோப்பியரைப் பற்றியதே. ஜே.ஜே. காட்டன் 1905இல் தொகுத்த சென்னைக் கல்லறை வாசகத் தொகுதிக்கும் இது பொருந்தும். கல்லறைக் கல்லும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. ஜார்ஜ் கோட்டைத் தூய மரியன்னை ஆலயத்தைச் சூழப் பாவியுள்ள கற்கள், 1758–59ஆம் ஆண்டுப் பிரெஞ்சு முற்றுகைக்குப்பின் பழைய இடுகாட்டிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டவை. அவற்றின் கீழ் அவற்றுக்குரியவர் இலர்.

புதுச்சேரி தனித்தன்மை உடையது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதி முதலான அதன் குடிநிலைப் பதிவுகளின் சுருக்கத்தை ஆல்ஃபிரெட் மார்த்தினோ பதிப்பித்து வெளியிட்டார். 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி மரபுவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டனர். தந்தை பெயரே முன்னெழுத்தாக மாறி மாறி வரும் தமிழ்ப் பெயரிடு முறையில் தலைமுறைதோறும் அறுபடும் இழை, இவர்கள் பதிவுகளில் அறுபடுவதில்லை. ஆனால் குடும்பப் பெயருக்கு முந்திய தலைமுறையை அடைய, துறப்பு ஆவணத்தில் உள்ள பழைய பெயரைக் கண்டாக வேண்டும்.

இசுலாமியத் தமிழரிடையே மீசான் கற்களும் ஜமாஅத் பதிவுகளும் தேடத்தக்கவை. மீசான் கல்லில் காணும் ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டாதலின், ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு ஓராண்டு வீதம் அது முந்திச் செல்வதை நினைவிற்கொண்டே கணிக்க வேண்டும்.

சாம்பல் சென்ற வழி

வடபுலத்தில் அரித்துவாரப் பண்டாக்கள் பேணும் பஹி ஏடுகள் உலகறிந்தவை. யாத்திரிகரின் ஊரும் சாதியும் கொண்டு இவை பகுக்கப்பட்டுள்ளன. சாம்பலைக் கங்கையில் கரைக்க வந்தவர் தம் பெயர், முன்னோர் பெயர், இறந்தவர் பெயர் ஆகியவற்றைப் பண்டாவின் ஏட்டில் எழுதி அல்லது எழுதுவித்துச் சென்றனர். இவ்வகையில் அது யாத்திரைப் பதிவாக மட்டும் நில்லாமல் இறப்புப் பதிவும் ஆகிறது. பி.என். கோஸ்வாமி 1966இல் இவ்வேடுகளின் வரலாற்றுப் பயனை ஆய்வுலகுக்கு எடுத்துக்காட்டினார். தொடர்ந்து 1968இல், பஹாரி ஓவியங்களின் பாணியை அரசவை கொண்டு பகுப்பதை விடுத்துக் குடும்பம் கொண்டு பகுக்க வேண்டும் என்று நிறுவினார். குலேர் ஓவியர் நைன்சுக் தம் புரவலர் பல்வந்த் சிங்கின் சாம்பலுடன் 1763இல் அரித்துவாரம் வந்து, பண்டாவின் ஏட்டில் தம் மரபை எழுதி ஓர் ஓவியமும் வரைந்து சென்றுள்ளார். அரசவை ஆவணங்கள் மறந்த ஒரு கைவினைஞர் குடும்பத்தின் வழிமுறை, ஓர் இறப்பை ஒட்டி எழுதிய சில வரிகளால் மீண்டது. இந்தியக் கலை வரலாற்றின் ஒரு பகுதியே அதனால் திருத்தி எழுதப்பட்டது. காசிக்கும் கயைக்கும் பிதிர்க்கடன் ஆற்றச் சென்ற தமிழ்க் குடும்பங்களின் பெயர்களை அவ்வூர்ப் புரோகிதர் ஏடுகளில் தேடும் பணி, வடநாட்டுப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கு இயல்பாகவே உரியது. தமிழ்நாட்டிலிருந்து செல்வோருக்கு மொழி தடை. இங்குள்ளோருக்கு அது தடையன்று.

கிழித்தெறியப்பட்டவை

நாளிதழ்களின் ‘காலமானார்’ அறிவிப்புகள் நகர்ப்புற நடுத்தர வகுப்பினருக்கு நல்ல சான்று. 1882இல் தோன்றிய சுதேசமித்திரன் போன்ற இதழ்களில் இறப்புச் செய்திகள் இடம்பெற்றன. பழைய இதழ்களையும் அரிய அச்சுப் பொருள்களையும் நாடுவோர்க்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதற்புகலிடம். ஆயினும் பெருவாரியான குடும்பங்கள் இறப்பை அறிவித்தது நாளிதழில் அன்று. ஓரத்தில் கறுப்பு மை தடவிய அஞ்சலட்டையிலும் கருமாதிப் பத்திரிகையிலுமே. திருமண அழைப்பிதழைப் பேழையில் வைத்துக் காத்த அதே குடும்பங்கள், இழவுக் கடிதத்தை வீட்டில் வைத்தல் ஆகாது என்று படித்தவுடன் கிழித்தெறிந்தன. குடும்பச் சேகரிப்புகளில் மணமக்கள் பெயர் நிறைந்தும் இறந்தோர் பெயர் குறைந்தும் காணப்படுவதற்கு இவ்விலக்கே முதற்காரணம். சான்றைப் படைத்த பண்பாடே அதனை அழிக்கவும் விதித்தது. இன்று தெருமுனையில் நிற்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் படத்துடன் பெயர், வயது, தோற்றம், மறைவு, உறவினர் பட்டியல் என அனைத்தையும் தருகின்றன. பதினாறாம் நாளுக்குப்பின் அவை கொட்டகைக் கூரையாகின்றன. செல்பேசியில் ஒரு படம் எடுத்து ஊரும் நாளும் குறித்துவைப்பதற்கு ஆகும் உழைப்பு சிறிது. மாணவர் களப்பணியில் இதனைச் சேர்த்தல் எளிது.

இவையனைத்திற்கும் முன்பே ஓர் அறிவிப்பு முறை இருந்தது. ஒருவர் இறந்தால் ‘இழவு சொல்ல’ அல்லது தென்மாவட்ட வழக்கில் ‘கேதம் சொல்ல’, ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர் ஊரூராக நடந்தார். எந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறது, எந்த ஊரில் எடுத்திருக்கிறது, யாருக்கு முதலில் சொல்ல வேண்டும், பகை கொண்ட பங்காளிக்குச் சொல்வதா வேண்டாவா என்பனவெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு வட்டாரத்தின் உறவுமுறை அட்டவணை அவர் நினைவில் இருந்தது. அதற்கு ஈடாக அவர் பெற்றது படி நெல்லும் இழிவும். பிறர் குடும்பத்தின் தலைமுறைகளை நாவில் சுமந்த அவர்தம் குடும்பத்துக்கு நிலப் பத்திரம் இல்லை, சரமகவி இல்லை. முன்சீப்பின் ஏட்டில் தந்தை பெயரின்றி ஒற்றைப் பெயராகவே அவர் எழுதப்பட்டிருக்கக்கூடும். தொலைபேசி பரவியதாலும், இழிதொழில் மறுப்பு இயக்கங்களாலும் இவ்வேலை அருகிற்று, அருகியது நன்றே. ஆனால் அதனைச் செய்தவர்களுள் எஞ்சியோர் இன்று முதியோர். குடும்ப வரலாறு தேடிச் செல்வோர் அவர்களிடம் தத்தம் மூதாதையரைப் பற்றியே வினவித் திரும்புகின்றனர். அவர்தம் பாட்டனார் பெயர் என்ன, பாட்டியார் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், அவர்கள் எந்த ஆண்டில் இறந்தனர் என்ற மூன்று வினாக்களையும் அதே குறிப்பேட்டில் அதே நாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.